காண்டாமிருக வண்டு: எருக்குழி முதல் தென்னங்குருத்து வரை ஒரு முழுமையான வழிகாட்டி

தென்னை மட்டையில் யாரோ கத்தரிக்கோல் வைத்து நறுக்கியதுபோல் முக்கோணம் முக்கோணமாக ஓலை காணாமல் போயிருந்தால், முதலில் அண்ணாந்து பார்ப்போம். அப்புறம் மரம் ஏறுகிறவருக்குப் போன் போடுவோம். பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் தோப்பில் பல வருடம் இதுதான் நடந்தது. அவர் ஏறி, குருத்திலிருந்து இரண்டு வண்டைக் குத்தி எடுத்துக் கீழே போடுவார். அடுத்த மாதம் வேறு மரத்தில் வேறு இரண்டு. கூலி போய்க்கொண்டே இருந்தது, வண்டு வந்துகொண்டே இருந்தது.

ஒரு வைகாசியில் எருக்குழியை வயலுக்கு அள்ளும்போதுதான் விஷயம் புரிந்தது. ஒரு மண்வெட்டி போட்டால் ஏழெட்டுப் புழு. கட்டைவிரல் பருமனில், வெள்ளையாக, சுருண்டு கிடந்தன. மரத்தில் ஏறி இரண்டிரண்டாகப் பிடித்த வண்டெல்லாம் எங்கள் வீட்டுச் சாணத்தைத் தின்று வளர்ந்தவைதான்.

அதனால் இந்த வழிகாட்டி வண்டின் வாழ்க்கை போகிற வரிசையிலேயே போகும். எந்தக் கட்டத்தில் அது எங்கே இருக்கிறது, எத்தனை நாள் இருக்கிறது, அந்த நாளுக்குள் நாம் என்ன செய்யலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். நாள் கணக்கு கைவசம் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

படி 1: ஆளை அடையாளம் காணுங்கள்

காண்டாமிருக வண்டு, சில ஊர்களில் கொம்பு வண்டு. அறிவியல் பெயர் ஒரிக்டிஸ் ரைனோசெரஸ். 1758-ல் லின்னேயஸ் வகைப்படுத்திய பூச்சிகளில் இதுவும் ஒன்று. அமெரிக்கக் கண்டத்து மழைக்காடுகளில் வாழும் ஹெர்குலிஸ் வண்டும், தென்கிழக்கு ஆசியக் காடுகளின் அட்லஸ் வண்டும் இதன் பங்காளிகள். நம்முடையது அவ்வளவு பெரிதல்ல. மூன்றரை முதல் ஐந்து சென்டிமீட்டர் நீளம், கருப்பும் அடர்பழுப்பும் கலந்த பளபளப்பு, உருண்டு திரண்ட உடம்பு. கையில் பிடித்தால் கிறீச் கிறீச்சென்று சத்தம் போடும்.

தலையில் பின்னோக்கி வளைந்த ஒற்றைக் கொம்பு இருக்கும். ஆணுக்கு நீளம், பெண்ணுக்குக் குட்டை. ஆனால் சின்ன ஆண் வண்டுக்கும் கொம்பு குட்டையாகத்தான் இருக்கும் என்பதால் கொம்பை மட்டும் நம்பாதீர்கள். வண்டைத் திருப்பி வயிற்றின் கடைசி முனையைப் பாருங்கள். செம்பழுப்பு ரோமம் அடர்ந்திருந்தால் பெண், வழவழப்பாக இருந்தால் ஆண். பொறியில் விழுகிறவற்றை இப்படிப் பிரித்து எண்ணி வைப்பது நல்லது. ஒரு பெண் வண்டு தன் வாழ்நாளில் மூன்று நான்கு தடவையாக ஏறக்குறைய 90 முதல் 100 முட்டை வரை இடும்.

சிவப்புக் கூன் வண்டு வேறு. அதற்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு உண்டு, நிறம் செம்பழுப்பு. அதன் புழுவுக்குக் கால் கிடையாது, உயிருள்ள மரத்தின் தண்டுக்குள்ளேயே இருந்து குடைந்து தின்னும். காண்டாமிருக வண்டின் புழுவுக்கு ஆறு கால் உண்டு, அது பச்சை மரத்தைத் தொடவே தொடாது. இந்த வித்தியாசம் மனதில் பதிய வேண்டும். காண்டாமிருக வண்டு விஷயத்தில் மரத்தைக் கெடுப்பது வளர்ந்த வண்டு மட்டும்தான். புழு மக்கியதைத்தான் தின்னும்.

இதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வண்டின் பூர்வீகம் தெற்கு, தென்கிழக்கு ஆசியாவின் காடுகள். அங்கே பட்டுப்போய் நிற்கும் பனைக் குடும்பத்து மரங்களின் உளுத்த தண்டுதான் இதன் தொட்டில். உளுத்த மரத்தை மண்ணாக்குவது காட்டில் அதற்கிருந்த வேலை. நாம் வரிசை வரிசையாகத் தென்னை வைத்து, ஒவ்வொரு தோப்பு ஓரத்திலும் எரு மேடும் போட்டோம். குஞ்சு பொரிக்க இடமும் பெரியவை தின்ன உணவும் பத்தடி தூரத்தில் கிடைக்கிறபோது அது ஏன் காட்டுக்குப் போகும்?

படி 2: கொண்டையைப் படியுங்கள்

விரியாத நடுக்குருத்துக்குள் ஓலை விசிறி மடித்ததுபோல் அடுக்கடுக்காக இருக்கிறது. வண்டு இரவில் பறந்து வந்து, மட்டை இடுக்கில் புகுந்து, இந்த மடிப்புகளுக்குக் குறுக்கே துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது. நாரை மென்று சாற்றைக் குடித்துவிட்டு, சக்கையைத் துளை வாயில் தள்ளிவிடும். மடித்த காகிதத்தில் ஓர் இடத்தில் கிள்ளிவிட்டு விரித்துப் பாருங்கள், வரிசையாக ஒரே மாதிரி வெட்டு தெரியும். ஓலை விரியும்போது தெரிகிற அந்த முக்கோண வெட்டு உண்டாவதும் அப்படித்தான்.

இதில் விவசாயிக்கு உபயோகமான ஒரு கணக்கு இருக்கிறது. நன்றாகப் பராமரிக்கிற தென்னை மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மட்டை விடும். ஆகவே நடுக்குருத்திலிருந்து கீழ்நோக்கி மட்டைகளை எண்ணினால் அது ஒரு நாட்காட்டி. வெட்டு கடைசியாக விரிந்த மட்டையிலேயே இருந்தால் தாக்குதல் புதிது. ஆறாவது ஏழாவது மட்டையில் மட்டும் இருந்து, அதற்கு மேலுள்ளவை முழுசாக இருந்தால், வண்டு அரை வருடம் முன்பு வந்து போய்விட்டது, இப்போது மரத்தில் ஏறி ஒன்றும் கிடைக்கப்போவதில்லை. இந்தக் கணக்குத் தெரியாமல் பழைய வெட்டைப் பார்த்து ஆள் ஏற்றிக் காசு கொடுத்தவர்கள் ஏராளம்.

இப்போதைய தாக்குதலுக்கு வேறு அறிகுறிகள் உண்டு: மட்டை இடுக்கில் ஈரமான நார்ச்சக்கை துருத்திக்கொண்டிருப்பது, குருத்து ஒருபக்கம் சாய்வது, பாளை விரியாமலே காய்வது. பாளையைத் துளைத்துவிட்டால் அந்தக் குலை போச்சு.

பெரிய மரம் இரண்டு மூன்று வண்டைத் தாங்கிக்கொள்ளும். ஐந்து வயதுக்குள் இருக்கும் தென்னம்பிள்ளை தாங்காது. தென்னைக்கு வளரும் மொட்டு ஒன்றே ஒன்றுதான். இளம்பிள்ளையில் வண்டு துளைத்துக்கொண்டு அந்த மொட்டைத் தொட்டுவிட்டால் கன்று செத்துப்போகும். பெரிய மரத்துக்கும் ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன். வண்டு போட்ட துளையின் வாசனைக்குத்தான் சிவப்புக் கூன் வண்டு வந்து முட்டையிடும். மழைக்காலத்தில் அதே புண் வழியாகக் குருத்தழுகல் நோய் பிடிக்கும். மரத்தைச் சாய்ப்பது பெரும்பாலும் இந்த இரண்டும்தான்.

படி 3: தொட்டிலைத் தேடுங்கள்

இனி கீழே இறங்குவோம். ஒரு மண்வெட்டி, ஒரு வாளி, ஒரு முழு காலை வேளை ஒதுக்கிக்கொண்டு தோப்பை ஒரு சுற்று வாருங்கள். பார்க்க வேண்டிய இடங்கள் இவை: எருக்குழி, சாண மேடு, மாட்டுக் கொட்டகை ஓரத்துக் கூளம், மக்கிய வைக்கோல் போரின் அடி, மரத்தூள் குவியல், மக்கிக்கொண்டிருக்கும் தென்னை நார்க்கழிவு, வெட்டிய மரத்தின் அடிக்கட்டை, விழுந்து கிடக்கும் தண்டு, பட்டுப்போய் நிற்கும் மொட்டை மரம். கடைசி மூன்றையும் பலர் விட்டுவிடுகிறார்கள். தண்டின் பட்டையை மண்வெட்டியால் பெயர்த்துப் பார்த்தால், உள்ளே பஞ்சுபோல் உளுத்த பகுதியில் புழு உட்கார்ந்திருக்கும்.

புயலுக்குப் பிறகு இந்தச் சுற்று கட்டாயம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது, பேராவூரணி, பட்டுக்கோட்டை வட்டாரத்தில் தோப்பு தோப்பாகத் தென்னை சாய்ந்தது. வாழ்வாதாரமே போய் நின்ற நேரத்தில் கிடந்த தண்டை அப்புறப்படுத்த யாருக்குக் கை வரும்? ஆனால் விழுந்த தென்னந்தண்டு மக்க மக்க அது வண்டுக்கு வீடு. பசிபிக் கடலில் உள்ள குவாம் தீவில் 2015 மே மாதம் டால்ஃபின் என்ற சூறாவளி அடித்தது. அங்கேயும் சாய்ந்த மரமும் குவிந்த தழையும் மக்கி, வண்டு பல மடங்கு பெருகியது.

விழுந்த தண்டைத் துண்டு போட்டு, பிளந்து, வெயிலில் காய வைத்து விறகாக்கிவிடுவது நல்லது. காய்ந்த கட்டையில் புழு வளராது. அப்புறப்படுத்தவே முடியாத அளவுக்குக் கிடந்தால் அதன்மேல் கொடிப்பயிரைப் படரவிடலாம். மலேசியாவில் பழைய பாமாயில் தோட்டத்தை அழித்து மறுநடவு செய்யும்போது இதைச் செய்கிறார்கள். இலை மூடிய கட்டையை வண்டு சுலபத்தில் கண்டுபிடிக்காது.

படி 4: முட்டையும் புழுவும், நாள் கணக்கோடு

இதுதான் இந்த வழிகாட்டியின் மையம், நிதானமாக வாசியுங்கள்.

பெண் வண்டு எருவுக்குள் 5 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் முட்டை இடும். பாலாடை நிறம், மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளம். இட்டபோது நீள்வட்டமாக இருக்கும், ஈரத்தை உறிஞ்சி நாளடைவில் உருண்டையாகும். 8 முதல் 12 நாளில் பொரிக்கும்.

பொரித்த புழு மூன்று பருவங்களைக் கடக்கும். ஒவ்வொரு பருவ முடிவிலும் சட்டை உரிக்கும். முதல் பருவம் 10 முதல் 21 நாள். இரண்டாவது 12 முதல் 21 நாள். மூன்றாவதுதான் நீளம், 60 நாளிலிருந்து 165 நாள் வரை போகும். தீனி செழிப்பாகவும் ஈரமாகவும் இருந்தால் சீக்கிரம் முடியும், காய்ந்த மோசமான எருவில் இழுத்துக்கொண்டே போகும். முழு வளர்ச்சியில் 6 முதல் 10 சென்டிமீட்டர் நீளம், பழுப்புத் தலை, அழுக்கு வெள்ளை உடம்பு. உள்ளே இருக்கும் எருவின் கருமை வால்பக்கத்தில் தோல் வழியே தெரியும். எப்போதும் அரைவட்டமாகச் சுருண்டே கிடக்கும்.

அப்புறம் புழு தின்பதை நிறுத்திவிட்டு, எருவையோ மண்ணையோ அழுத்தி ஒரு அறை செய்துகொண்டு 8 முதல் 13 நாள் அசையாமல் இருக்கும். கூட்டுப்புழுவாக 17 முதல் 28 நாள். வண்டாக மாறிய பிறகும் உடனே வெளியே வராது. ஓடு கெட்டியாகும்வரை அதே அறையில் 17 முதல் 22 நாள் வரை தங்கும்.

சரி, எல்லாவற்றிலும் குறைந்த நாளை எடுத்துக் கூட்டிப் பாருங்கள். முட்டைக்கு 8, புழுவுக்கு 82, அறையில் அசையாமல் இருப்பதற்கு 8, கூட்டுப்புழுவுக்கு 17, வண்டு தங்குவதற்கு 17. மொத்தம் 132 நாள். எவ்வளவு வேகமாக வளர்ந்தாலும் முட்டை இட்ட நாளிலிருந்து வண்டு பறக்க நான்கு மாதத்துக்கு மேல் ஆகும். ஆகவே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எருக்குழியை அடிவரை புரட்டினால், எந்தப் புழுவும் உங்கள் கண்ணில் குறைந்தது இரண்டு தடவை படாமல் பறக்கவே முடியாது. முதல் தடவை சின்னதாக இருந்து தப்பினாலும் இரண்டாம் தடவை விரல் பருமனில் மாட்டும்.

புரட்டும் முறை: காலை வெயில் ஏறிய பிறகு தொடங்குங்கள். எருவை ஒரு ஓரத்திலிருந்து வெட்டி, பக்கத்தில் கை அளவு கனத்துக்குப் பரப்பிப் போடுங்கள். கோழியை அவிழ்த்து விடுங்கள். காகமும் மைனாவும் தானே வந்துவிடும். சுவர் ஓரமும் குழியின் மூலைகளும் முக்கியம், பெரிய புழுக்கள் அங்கேதான் ஒதுங்கும். அடியில் இருக்கும் மண்ணையும் ஒரு சாண் ஆழம் கிளறுங்கள், கூட்டுப்புழு அறைகள் அங்கே கிடைக்கும். வெயிலில் உலர்ந்த எருவைத் திரும்பக் குழியில் தள்ளலாம், அல்லது நன்றாக மக்கியிருந்தால் அப்போதே வயலுக்குக் கொண்டுபோகலாம். ஆறு மாதம், ஒரு வருடம் என்று எருவைத் தேக்கி வைப்பதுதான் இந்த வண்டுக்கு நாம் செய்கிற பெரிய உபகாரம்.

ஒரு எச்சரிக்கை. எருவில் கிடைக்கும் எல்லா வெள்ளைப் புழுவும் காண்டாமிருக வண்டின் புழு அல்ல. பூ வண்டு இனத்தின் புழுக்களும் எருவில் வாழும். அவை எருவை மக்கச் செய்து நமக்கு நன்மை செய்பவை. பிரித்துப் பார்க்க வழி சுலபம். புழுவைச் சமமான தரையில் விடுங்கள். மல்லாந்து படுத்து, கால்களை வானத்தைப் பார்க்க வைத்துக்கொண்டு முதுகாலேயே ஊர்ந்து போனால் அது பூ வண்டின் புழு, அதைத் திரும்ப எருவில் போட்டுவிடுங்கள். சுருண்டு பக்கவாட்டில் கிடந்து தவித்தால் அது நம் ஆள். முதன்முதலில் என் மகளுக்கு இதைக் காட்டியபோது அவள் வாளியிலிருந்த அத்தனை புழுவையும் ஒவ்வொன்றாகத் தரையில் விட்டுப் பார்த்தாள். ஐந்து நல்ல புழுக்கள் தப்பின.

வெளியிலிருந்து எரு வாங்கும்போதும் இதே பார்வை வேண்டும். ஒரு தடவை தூரத்து ஊரிலிருந்து ஒரு லோடு சாண எரு இறக்கினோம். பார்க்கக் கருப்பாக, மணலாக, நன்றாக மக்கியதுபோல்தான் இருந்தது. மரத்தடியில் பாத்தி கட்டிப் போட்டுவிட்டோம். மூன்று மாதம் கழித்துப் பாத்தியைக் கொத்தினால் மரத்துக்கு மரம் புழு. இப்போது எந்த எரு வந்தாலும் முதலில் களத்தில் கொட்டிப் பரப்பி இரண்டு நாள் கோழி மேய்ந்த பிறகுதான் உள்ளே போகும்.

படி 5: பச்சைப் பூஞ்சையைக் குழியில் குடியேற்றுங்கள்

கையால் பொறுக்குவது பாதி. மீதியை மெட்டாரைசியம் என்ற பூஞ்சையிடம் விடலாம். இதன் விதைத்தூள் புழுவின் தோலில் ஒட்டி, முளைத்து, தோலைத் துளைத்து உள்ளே வளரும். புழு சோர்ந்து சாகும், முதலில் உடம்பெங்கும் வெள்ளை பூத்து, பிறகு பாசிப்பச்சைத் தூளாக மாறும். அந்தத் தூள் அடுத்த புழுவைப் பிடிக்கும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு: 250 மில்லி மெட்டாரைசியம் திரவ வளர்ப்புடன் 750 மில்லி தண்ணீர் கலந்து எருக்குழியில் தெளிப்பது. தூளாக வாங்கினால் பாக்கெட்டில் உள்ள அளவைப் பின்பற்றுங்கள். வேளாண் அறிவியல் நிலையங்களில் விசாரித்தால் வழி சொல்வார்கள். குழி ஈரமாகவும் நிழலாகவும் இருக்க வேண்டும். சுள்ளென்ற வெயிலில் தெளித்தால் பூஞ்சை செத்துவிடும், மாலையில் தெளித்துக் கிளறிவிடுங்கள். அதே குழியில் பூஞ்சாணக் கொல்லி மருந்து எதுவும் கலக்கக் கூடாது. புழு உடனே சாகவில்லையே என்று பதற வேண்டாம். அடுத்த தடவை புரட்டும்போது பச்சையாக விறைத்த புழு கிடைத்தால் அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், எடுத்துப் பக்கத்துக் குழியில் போடுங்கள். அதைவிட நல்ல விதை கடையில் கிடைக்காது.

கேரளத்தில் பெருவலம் என்று சொல்லும் செடியின் தழையை எருவில் பத்தில் ஒரு பங்கு கலக்கச் சொல்வார்கள். அதில் உள்ள பொருள் புழு ஒழுங்காக வண்டாக உருமாற விடாமல் தடுக்கும். கிடைக்கிற பக்கத்து ஆட்கள் செய்து பார்க்கலாம்.

படி 6: பறக்கும் வண்டைத் தரையிலேயே பிடியுங்கள்

வளர்ந்த வண்டு பல மாதம் உயிரோடு இருக்கும். அந்தக் காலம் முழுக்கக் குருத்துக்கும் எருவுக்கும் இடையே போய் வந்துகொண்டிருக்கும், சாறு குடிக்க மேலே, முட்டையிடக் கீழே. பகலில் பதுங்கி, பொழுது சாய்ந்ததும் பறக்கும். நம் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை நடமாட்டம் அதிகம்.

விளக்குப் பொறி: கோடையின் முதல் மழை பெய்த மறுநாள் மாலையில் வைப்பதுதான் சிறந்தது, அந்த ஈரத்துக்கு வண்டுகள் கூட்டமாகக் கிளம்பும். ஒரு பல்பு, அடியில் தண்ணீர் நிறைந்த அகலச் சட்டி, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய். ராத்திரி முழுக்க எரிய விடாதீர்கள். இருட்டிய பிறகு சில மணி நேரம் போதும், வேறு நல்ல பூச்சிகளும் வந்து விழும்.

ஆமணக்குப் புண்ணாக்குப் பானை: ஒரு கிலோ புண்ணாக்குக்கு ஐந்து லிட்டர் தண்ணீர். சின்ன மண்பானைகளில் ஊற்றித் தோப்பில் அங்கங்கே வைக்க வேண்டும். புளித்த வாசனைக்கு வண்டு வந்து விழுந்து மூழ்கும். செலவு குறைந்த, நான் மிகவும் நம்புகிற வழி இது. வண்டை எடுத்துவிட்டு, தண்ணீர் வற்றினால் ஊற்றி, வாசனை குறைந்தால் புண்ணாக்கை மாற்றுங்கள். ஒன்று முக்கியம்: ஆமணக்குப் புண்ணாக்கு ஆடுமாடுகளுக்கு விஷம். பானையைச் சுற்றி முள் போட்டு வையுங்கள்.

கவர்ச்சிப் பொறி: நல்ல உணவு கிடைத்த ஆண் வண்டு ஒரு வாசனையை வெளியிடும், ஆணும் பெண்ணும் அதைத் தேடி வரும். அந்த வாசனையைச் செயற்கையாகச் செய்து சிறு பொட்டலத்தில் விற்கிறார்கள். ஐந்து ஏக்கருக்கு, அதாவது இரண்டு ஹெக்டேருக்கு, ஒரு பொறி என்பது பரிந்துரை. வாளிப் பொறியை இளங்கன்றுகளுக்கு நடுவே தொங்கவிடாதீர்கள். வாசனைக்கு வந்த வண்டு எல்லாம் வாளிக்குள்ளேயே விழுந்துவிடாது, சில பக்கத்துக் கன்றில் இறங்கும். தோப்பு ஓரமாக, இளம்பிள்ளைகளை விட்டுத் தள்ளி வையுங்கள்.

படி 7: கொண்டையில் காவல் போடுங்கள்

இவ்வளவையும் மீறி மேலே போன வண்டைப் பிடிக்கக் கம்பிதான். அரை மீட்டர் நீள மெல்லிய இரும்புக் கம்பி, நுனியில் தூண்டில் முள் மாதிரி ஒரு கொக்கி. ஈரச் சக்கை தெரிகிற துளையில் விட்டு, வண்டு தட்டுப்பட்டதும் குத்தித் திருகி இழுக்க வேண்டும். இளம்பிள்ளையில் கம்பியை மொட்டுப் பக்கம் சரிக்காமல் துளை போன போக்கிலேயே விட வேண்டும். பழகாத கை வண்டைவிட அதிகச் சேதம் செய்துவிடும். எடுத்த பிறகு துளையைத் திறந்து போட்டுவிட்டு இறங்காதீர்கள். வேப்பம் புண்ணாக்கும் மணலும் கலந்து அடைத்துவிட்டால் கூன் வண்டு வராது.

வராமல் தடுக்க: வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து மரத்துக்கு 150 கிராம் எடுத்து, குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில் போடுங்கள். காய் பறிக்க ஆள் ஏறும்போதே கையில் ஒரு பையைக் கொடுத்துவிட்டால் தனிக் கூலி இல்லை.

இளங்கன்றுக்கு அந்து உருண்டை. கன்றுக்கு மூன்று, இடுக்குக்கு ஒன்றாக வைத்து மேலே மெல்லிய மணல் போட்டு மூடுங்கள். மணல் போடாவிட்டால் வெயிலில் சீக்கிரம் கரைந்துவிடும். 45 நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கடலோர ஊர்க்காரர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. பழைய மீன்பிடி வலையைத் துண்டு துண்டாக வெட்டி மட்டை இடுக்கில் சுற்றிவிட்டால், வண்டின் கால் அதில் சிக்கிக்கொள்ளும்.

முன்பு ஃபோரேட் என்ற பூச்சிக்கொல்லிக் குருணையைப் பொட்டலம் கட்டி இடுக்கில் வைப்பார்கள். 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் அதற்குத் தடை. எங்காவது பழைய இருப்பு கிடைத்தாலும் தொடாதீர்கள். இளநீர் குடிக்கிற மரம் அது.

படி 8: வைரஸ், ஒரு பழைய கதையும் புதிய கவலையும்

1909-ல் இலங்கையிலிருந்து ரப்பர் கன்றுகளோடு சேர்ந்து இந்த வண்டு பசிபிக்கில் உள்ள சமோவா தீவுக்குப் போய் இறங்கியது. அங்கே அதை அடக்க இயற்கை எதிரி எதுவும் இல்லை. தென்னையை நம்பியே வாழ்ந்த தீவுகள் பல பதிற்றாண்டுகள் தவித்தன. அலாய்ஸ் ஹூகர் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி 1963-ல் மலேசியாவில், நோயுற்ற வண்டுப் புழுக்களில் ஒரு வைரஸைக் கண்டுபிடித்தார். 1967-ல் அதைச் சமோவாவில் பரப்பியபோது சேதம் நன்றாகக் குறைந்தது. பிறகு பல தீவுகள் அதே வழியில் போயின.

வைரஸ் தொற்றிய வண்டு உடனே சாவதில்லை, அதுதான் சூட்சுமம். தின்பது குறையும், முட்டை குறையும். ஆனால் சில வாரம் பறந்து, போகிற எருக்குழியிலெல்லாம் எச்சத்தோடு வைரஸை விட்டுவிட்டுப் போகும். மனிதருக்கோ மாட்டுக்கோ எந்தத் தீங்கும் இல்லை. நம் நாட்டில் வைரஸ் ஏற்றிய வண்டுகளை ஹெக்டேருக்கு 15 என்ற கணக்கில் விடச் சொல்கிறார்கள். நாமே வீட்டில் செய்யக்கூடியது அல்ல. காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம், பட்டுக்கோட்டைக்குப் பக்கத்து வேப்பங்குளத்திலும் பொள்ளாச்சிப் பக்கம் ஆழியார் நகரிலும் உள்ள தென்னை ஆராய்ச்சி நிலையங்கள் ஆகியவற்றில் கேட்கலாம்.

கவலை எது என்றால், 2007-ல் குவாம் தீவில் புகுந்த வண்டுக்கு இந்த வைரஸ் சரியாக வேலை செய்யவில்லை. 2013-ல் ஹவாயிலும், பிறகு சாலமன் தீவுகளிலும் அதே வகை வண்டு தலைகாட்டியது. அங்கெல்லாம் மறுபடியும் எருவையும் கட்டையையும் தேடி அழிக்கிற வேலைக்கே திரும்பியிருக்கிறார்கள்.

வருடம் முழுக்க எப்படிப் பிரிப்பது

எங்கள் தோப்பில் இப்படிச் செய்கிறோம். சித்திரையில் பெரிய சுற்று: எல்லாக் குழியையும் காலி செய்து எருவை வயலுக்கு அனுப்புவது, கட்டைகளைப் பிளப்பது. முதல் மழைக்கு விளக்கு. ஆனி முதல் புரட்டாசி வரை பானைகளும், இளங்கன்றுக்கு அந்து உருண்டையும், ஈரச் சக்கை தெரிகிற மரத்துக்குக் கம்பியும். ஐப்பசி மழையில் குழி நனைந்திருக்கும்போது மெட்டாரைசியம். புயல் வந்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் விழுந்த மரம். இதற்கெல்லாம் நடுவே இரண்டு மாதக் குழிப் புரட்டல் நிற்காது.

பக்கத்துத் தோப்புக்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டுக்கு வேலி தெரியாது. எங்கள் வரப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரியப்பா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "அது காலங்காலமா இருக்கிற பூச்சிப்பா, மரம் ஏறி எடுத்தாப் போச்சு" என்றார். அவர் குழியில் ஒரு காலை இறங்கிப் புரட்டி, கிடைத்ததை வாளியில் போட்டு அவர் திண்ணையில் வைத்தேன். இப்போது இரண்டு வீட்டுக் குழியையும் ஒரே நாளில் புரட்டுகிறோம், கோழிகள் அவருடையவை.

மாட்டுக் கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் புரட்டிய தேதியும், கிடைத்த புழுவின் எண்ணிக்கையும், பெரியது எத்தனை சின்னது எத்தனை என்பதும் எழுதி வைக்கிறோம். முதல் வருடம் ஒரே குழியில் 140 என்று இருக்கிறது, பாதிக்கு மேல் விரல் பருமன். கடைசி வரியில் 11, எல்லாம் சின்னது.